ஆறுமுகத்துக்குக் கொடுக்காத நாடா

அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், குமரவேலு. பிற்பாடு யாரும் கிழவி ஆளை மாற்றிச் சொல்கிறாள் என்று சொல்லக்கூடாது. நீ இருந்தாய், ஆண்டு விழாவுக்கு மட்டும் போடுகிற நீலச் சட்டையில். உன் மனைவி கலைச்செல்வி இருந்தாள். பேத்தி நித்யா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். உங்கள் பாலிடெக்னிக் பிரின்சிபால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய தறிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பிரான்சிலிருந்து வந்த அம்மாள், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவள், நாற்காலி வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு ராஜலட்சுமி கரண்ட் பில் அட்டை வாங்க வந்து, காபி வரும் வரைக்கும் நகரவில்லை. என் தோசைக்கல்லை வாங்கிப் போய் விளிம்பை உடைத்து, உடைந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டுப் போனவள் அவள். முப்பத்தோரு வருஷம் ஆகிறது, நான் மறக்கவில்லை. என்னோடு சேர்த்து ஏழு பேர். சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற உன் அப்பாவையும் சேர்த்தால் எட்டு. இருக்க வேண்டிய இன்னொருவன் இல்லை. அவனுக்கு நம் வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை.

நீ அன்றைக்கு நன்றாகத்தான் பேசினாய். மில்லில் பழைய இயந்திரங்களையெல்லாம் எடைக்குப் போடுகிறார்கள், அதற்குள் முடிந்ததைச் சேர்த்துக் கல்லூரியில் கண்காட்சி வைக்கப்போகிறோம் என்றாய். நீராவி இஞ்சினின் பெரிய சக்கரம், ஷெட் முழுவதும் தலைக்கு மேலே ஓடிய இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் இறங்கிய தோல் பெல்ட்டு என்று வரிசையாகச் சொன்னாய். இதையெல்லாம் கண்டுபிடித்தவர்களுக்குப் புத்தகத்தில் பேர் இருக்கிறது, ஷெட்டுக்குள் நின்று யோசித்துச் செய்தவர்களுக்கு இல்லை என்றாய். பிறகு என்னைக் கேட்காமலே தகரப் பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, அந்த நாடாவை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாய். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற மரக்கட்டை. ஒரு சாண் நீளத்துக்கு மேல், படகு மாதிரி, இரண்டு முனையிலும் இரும்பு. "இது எங்க அப்பா செஞ்சது மேடம். வெள்ளக்காரன் பேர் குடுக்காம ஏமாத்திட்டான். இப்பவாவது அப்பா பேரு அட்டையில ஏறட்டும்" என்றாய்.

அந்த அம்மாள்தான் கேட்டாள், அந்தக் காலத்தில் வீட்டில் வேறு யாராவது தறியில் வேலை செய்தார்களா என்று. "எங்க மாமா ஒருத்தர் இருந்தாரு. குடிச்சே போயிட்டாரு" என்று நீ சொன்னாய். சிரித்துக்கொண்டு சொன்னாய். ராஜலட்சுமியும் "ஐயோ பாவம், இந்த ஊரு சாராயம் எத்தினி பேர வாரிக்கினு போச்சி" என்று ஒத்துப் பாடினாள். நான் எழுந்து வந்து அந்த அம்மாள் கையிலிருந்து நாடாவை வாங்கினேன். பிடுங்கினேன் என்று நீ சொல்வாய், சரி, பிடுங்கினேன். "இத நான் குடுக்கமாட்டேன். இதுல யார் பேரும் ஏறாது" என்றேன். உன் முகம் செத்துப்போனது. "அம்மாக்கு வயசாயிடுச்சு சார்" என்று பிரின்சிபாலிடம் சொன்னாய். பதினொரு நாளாகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கண்காட்சி. நீ இந்தப் பக்கம் வரவில்லை, நித்யாதான் மாத்திரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஆயா, அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ "விடும்மா, பழச எதுக்குக் கிளர்ற" என்பாய். அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நாடா கண்காட்சிக்குப் போகலாமா, போனால் அதன் கீழே என்ன எழுதுவது என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்.

நாடாவுக்குள்ளே நூல் சுற்றிய தார்க்குச்சி இருக்கும். அது தீர்ந்தால் வேறு தார் போட வேண்டும். புதுத் தாரின் நூல் முனையை நாடாவின் பக்கத்தில் இருக்கிற சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். விரல் நுழையாது. அதனால் நெசவுக்காரர்கள் அந்தக் கண்ணில் உதட்டை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார்கள், நூல் வாய்க்குள் வந்துவிடும். மில்லில் சங்கு ஊதி உள்ளே போனதிலிருந்து மறு சங்கு ஊதும் வரை அதே வேலை. நூலோடு பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சாயமும் வரும். ஒரு ஷிப்டுக்காரன் வைத்துவிட்டுப் போன நாடாவில்தான் அடுத்த ஷிப்டுக்காரன் வாய் வைப்பான். இருமுகிறவன் வைத்த வாயிலேயே இருமாதவனும் வைப்பான். உனக்கு நீராவி இஞ்சினின் குதிரைச் சக்தி தெரிகிறது, இது தெரியாது. இஞ்சினை எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். நெசவுக்காரன் வாயை யார் பார்த்தார்கள்?

உன் மாமன் ஆறுமுகம் என் ஒரே தம்பி. எங்கள் அம்மா செத்தபின் பதினாறு வயசில் நம் வீட்டுக்கு வந்தான். உன் அப்பாதான் மில்லில் சேர்த்துவிட்டார். அவர் தறி பிட்டர், இவன் நெசவு. அவன் குடிக்கமாட்டான், குமரவேலு. கள்ளுக்கடை வாசனை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவை மாற்றிப் போகிறவன். வீராம்பட்டினம் ஆடித்தேருக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது அவன்தான். நீ அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, தேர் நகர்ந்தபோது பயத்தில் அவன் சட்டையில் மூத்திரம் போய்விட்டாய். "மருமவன் எனக்குத் தீர்த்தம் தெளிச்சிட்டான்" என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான். இருபத்திரண்டு வயசில் இருமத் தொடங்கினான். முன்பல் இரண்டு அதற்குள் கறுத்துவிட்டன.

அவன் இருமலைப் பார்த்துத்தான் உன் அப்பா அந்த நாடாவைச் செய்தார். இதை நான் மறைக்கமாட்டேன். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை சோறுகூடச் சரியாகச் சாப்பிடாமல் அரமும் ரம்பமுமாக உட்கார்ந்திருந்தார். நாடாவின் மேல் விளிம்பிலிருந்து கண் வரைக்கும் ஒரு கீறல் அறுத்தார். நூலைக் கீறலில் வைத்து விரலால் இழுத்தால் அது தானே கண்ணுக்குள் போய் விழும், வாயே வேண்டாம். முதலில் செய்ததில், நாடா ஓடுகிற வேகத்தில் நூல் கீறல் வழியாகத் துள்ளி வெளியே வந்துவிட்டது. பித்தளைத் தகட்டில் ஒரு சின்ன நாக்கு வளைத்து உள்ளே வைத்தார். நூல் உள்ளே போகும், திரும்பி வராது. அதை ஆறுமுகத்திடம் கொடுத்த அன்று அவன் திக்குமுக்காடிப் போனான். "இன்னா மாமா இது, வாய்க்கு வேலையே இல்லாமப் பூடுச்சே. இனிமே இந்த வாய வெச்சி நான் இன்னா பண்றது" என்றான். "உங்க அக்காகிட்ட திருப்பிப் பேசு, எனக்கும் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்" என்று உன் அப்பா சொன்னார். மூன்று பேரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மற்ற நெசவுக்காரர்கள் கேலிதான் செய்தார்கள். நடேசன் என்று ஒருத்தன், பக்கத்துத் தறி. "இன்னாடா ஆறுமுகம், பல்லுபோன கெழவனுக்குப் பால் சோறு மாதிரி உனுக்கு மட்டும் தனி நாடாவா" என்பானாம். ஒரே மூச்சில் நூலெடுக்கிறவன்தான் கை தேர்ந்தவன் என்று அவர்களுக்கு ஒரு பெருமை. வாய் வைக்காதவனை நெசவுக்காரன் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அந்த நடேசனும் நாற்பது வயசைப் பார்க்கவில்லை. அவர்களை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன், தெரியாமல் சிரித்தார்கள்.

நெசவுப் பகுதிக்குப் பெரியவராக இருந்த பிரெஞ்சுக்காரர், முசே என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நாடாவைப் பார்த்துவிட்டார். இருபத்து நாலு செய், ஒரு வரிசைத் தறிக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றார். உன் அப்பா செய்தார். ஒரு மாதம் ஓடியது. முதல் வாரம் நூல் அறுந்தது, திட்டினார்கள். மூன்றாவது வாரம் திட்டு நின்றது. நாலாவது வாரம் பக்கத்து வரிசைக்காரர்கள் வந்து, "எங்குளுக்கு எப்போ" என்று கேட்டார்கள். அப்போதுதான் முசே உன் அப்பாவைக் கூப்பிட்டு, இதைப் படமாக வரைந்து கொடு, மில் பேரில் பிரான்சுக்கு அனுப்புகிறேன், எல்லாத் தறிக்கும் செய்து வரும் என்றார். என் பேர் எங்கே வரும் என்று இவர் கேட்டிருக்கிறார். உன் பேர் வராது, உனக்கு ஒரு கைக்கடிகாரம் தருகிறோம் என்று பதில் வந்தது. "எனுக்கு சங்கு ஊதுனா நேரம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா சொன்னீங்க" என்றேன். எனக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்தது. தெருவில் நாலு பேர் அவரைக் காட்டிப் பேச வேண்டும் என்று ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு நானும்தான் எண்ணெய் ஊற்றினேன்.

நீ இது வரைதான் கேட்டிருக்கிறாய். பேர் கொடுக்காமல் ஏமாற்றினான் என்பது வரை. மறுநாள் நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை. உன் அப்பா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய் இருபத்து நாலு நாடாவையும் தறியிலிருந்து எடுத்தார். ஒன்று ஷெட்டில் இருந்தாலும் அதைப் பார்த்துப் படம் வரைந்துவிடுவார்கள் என்று அவருக்கு நினைப்பு. ஆறுமுகம் தன்னுடையதைக் கையில் பிடித்துக்கொண்டு, "மாமா, எனுக்கு ஒண்ணு மட்டும் உட்டுடுங்க. வேலை முடிஞ்சா இடுப்புல சொருவி வூட்டுக்குக் கொண்டாந்துடறேன், எவனுக்கும் காட்டமாட்டேன்" என்று கேட்டிருக்கிறான். "உனுக்கு வேற செஞ்சி தரேன், குடு" என்று வாங்கிச் சாக்கில் போட்டார். கொண்டு போய் பாய்லர் நெருப்பில் கொட்டினார். ஆறுமுகம் பாய்லர் வாசல் வரை பின்னாலேயே போயிருக்கிறான். "நல்ல மரம்க்கா, நெய் ஊத்துன மாதிரி எரிஞ்சிது" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னான். முசே ஆறு மாதத்தில் கப்பல் ஏறிவிட்டார். பிற்பாடு பிரெஞ்சுக்காரர்களே போய்விட்டார்கள். அதன் பிறகு அந்த நாடாவைக் கேட்க ஆளில்லை. உன் அப்பா வேறு செய்து தரவுமில்லை. ஆறுமுகம் பழையபடி வாய் வைத்தான்.

அன்றைக்கு நம் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பிரான்ஸ் அம்மாள் சொன்னதை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன். அவள் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் இப்படி வாய் வைத்துத்தான் நெய்தார்கள், அங்கேயும் எத்தனையோ பேர் வாய் வைக்காத நாடா செய்தார்கள், மில்காரர்கள் வாங்கவில்லை, எல்லாம் மறந்துபோனது என்றாள். உனக்கு அதைக் கேட்டு ஏமாற்றமாக இருந்தது, அப்பா ஒருத்தர்தான் செய்தார் என்று நீ நினைத்திருந்தாய். நான் நினைத்தது வேறு. எத்தனை ஊரில் எத்தனை ஆறுமுகமோ. அங்கே வாங்க ஆளில்லாமல் போனது. இங்கே முப்பது நாள் ஓடிய சாமான், வேண்டும் என்று கேட்டவன் கையிலிருந்து பிடுங்கி நெருப்பில் போட்டது.

எல்லாம் எரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. உன் அப்பா அரம், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவிப் பலகையில் அடுக்கினார். நடுவில் துணியைப் பிரித்து இந்த நாடாவை வைத்தார். முதன்முதல் ஆறுமுகத்துக்கென்று செய்த நாடா, இருபத்து நாலு செய்ய மாதிரிக்கென்று அவனிடமிருந்து திருப்பி வாங்கி வைத்துக்கொண்டது. அதற்குச் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்தார். பொரியும் கடலையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம், நீ சுண்டலை வாயில் அடைத்துக்கொண்டு என் மடியில் இருந்தாய். ஆறுமுகம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "இன்னா மாமா, இது மட்டும் பொழச்சிக்கினு வந்துடுச்சா" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். "அது சாமி. தொடாத" என்றார் உன் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. பூஜை முடிந்ததும் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார், நான் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினேன். மறுநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது ஆறுமுகம் அடுப்படிக்கு வந்தான். "அக்கா, ஒரு வாரத்துக்குக் குடேன். வாயெல்லாம் புண்ணாக் கெடக்குது" என்றான். நான், "உங்க மாமாவக் கேளு" என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அவன் கேட்கவில்லை. அவன் கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

அதற்கடுத்த ஆண்டு அவன் வாயிலிருந்து ரத்தம் வந்தது. உன் அப்பா சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, என் புடவையால் தன் இடுப்போடு அவனைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். தினம் முட்டை வாங்கிக் கொடுத்தார். அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை, அதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். கல் நெஞ்சுக்காரனாக இருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. தை பிறந்து சில நாளில் ஒரு காலை, அவர் வேலைக்குப் போனபின் நான் பெட்டியைத் திறந்தேன். நாடாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஆறுமுகம் கையில் அதைக் கொடுத்து, "அன்னிக்கே குடுத்திருக்கணும்டா, என்ன மன்னிச்சிடு" என்றேன். அவன் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டில் துணி ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை நூலை உருவினான். கீறலில் வைத்து விரலால் இழுத்தான். நூல் கண் வழியாக வெளியே வந்தது. "வாயே வெக்காம வருது பாருக்கா" என்றான். மூன்று தரம் அப்படியே செய்தான். பிறகு, "நீ இன்னா பண்ணுவ, உடு. திருப்பி வெச்சிடு, மாமா தேடுவாரு" என்றான். நான் வந்த வழியே வந்து பெட்டியில் வைத்தேன். நாலாம் நாள் போய்விட்டான்.

சயரோகம் என்று வெளியே தெரிந்தால் நம் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள், உன் அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். யாராவது கேட்டால் குடித்துக் குடல் வெந்து செத்தான் என்று சொல்லலாம் என்று உன் அப்பாதான் சொன்னார். நான் மறுக்கவில்லை. அத்தை கல்யாணம் முடிந்தது, அவள் பிள்ளைகளும் பெரியவர்களானார்கள், அதற்குப் பிறகாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். பொய் அதற்குள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. உனக்குச் சொன்னது அதுதான், நீ உன் மகளுக்குச் சொன்னதும் அதுதான். நீ சிரித்துக்கொண்டு சொன்னதற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை, உன் வாயில் அதை வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ கல்லூரிப் பிள்ளைகளுக்கு எழுதிய பாடத்தில் உங்கள் துறைத் தலைவர் தன் பேரைப் போட்டுக்கொண்டார் என்று மூன்று வருஷம் அவரோடு பேசாமல் இருந்தாய். அது உன் நியாயம். ஆனால் அடுத்து எழுதி வைத்திருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் பீரோவில் பூட்டினாய், கலைச்செல்வி என்னிடம் சொன்னாள். அந்தப் பூட்டு எனக்குத் தெரிந்த பூட்டு. பேர் கிடைக்கவில்லை என்றால் சண்டை போடு, கத்து, கோர்ட்டுக்குப் போ. ஆனால் வேண்டும் என்று கை நீட்டுகிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சண்டை போடு. பீரோவைத் திற, குமரவேலு.

நாடாவை நித்யாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கண்காட்சியில் வைப்பதாக இருந்தால் அட்டையில் உன் அப்பா பேரைப் போடு, அவர் செய்ததுதானே, நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அதன் கீழே இன்னொரு வரி போடு. இது ஆறுமுகம் என்ற நெசவுக்காரனுக்காகச் செய்யப்பட்டது, அவன் கேட்டபோது அவனுக்குக் கொடுக்கப்படவில்லை, அவன் சயரோகத்தில் செத்தான், குடித்துச் சாகவில்லை என்று. அந்த வரியைப் போட உனக்கு மனசு வரவில்லை என்றால் நாடாவைத் திருப்பிக் கொடுத்துவிடு. முதல் வரி மட்டும் இருக்கிற அட்டையின் மேலே அது இருக்கக்கூடாது.

அம்மா என்னதான் மனசில் வைத்திருக்கிறாள் என்று நீ கேட்பாய். நடேசனை மன்னித்தேன். முசேயை மன்னித்தேன், அவர் மறுத்த பேருக்குப் பின்னால் ஒரு ஆறுமுகம் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. நான் என் தம்பியிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவன் விடு என்று சொல்லிவிட்டான், அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கி எழுந்தேன். அவன் செத்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. உன் அப்பா துணியைப் பிரித்தார். நாடாவின் கண்ணில் விரல் நீளத்துக்கு அந்த வெள்ளை நூல் இருந்தது. ஆறுமுகம் கோத்தது, நான் கவனிக்காமல் வைத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது, யார் கை கோத்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். தப்புப் பண்ணிட்டேன் என்று வேண்டாம், அவன் பேரை ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். அவர் நூலை உருவிச் சுருட்டிக் கீழே போட்டுவிட்டு, சந்தனம் எடு என்றார். அதன் பிறகு இருபத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார், தினம் நான்தான் சோறு போட்டேன், கடைசியில் மூன்று மாதம் படுக்கையில் அள்ளிக் கொட்டினேன். சாகிற வரை என் தம்பி பேரை அவர் சொல்லவில்லை. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள், ரேஷன் கடையில் கேட்டால்கூட நீதான் பக்கத்திலிருந்து சொல்வாய். இன்றைக்கு நானே என் கையால் எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான். சிங்காரவேலு.